கொயிலுக்குள் போகவேண்டிய சூடு

சொந்தக் கையால் கிட்டார் பிக்கப் சுற்றத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். நாள் கணக்கில் பொறுமையாகச் சுற்றிய கொயில்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் கடைசி அரைமணி நேரத்தில், மெழுகுச் சட்டிக்குள்தான். புத்தளத்துத் தில்லையடி போன்ற கரையூரில் வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்து அந்த வேலையை இன்னும் கடினமாக்குகின்றன.

1. எதற்காக மெழுகு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண ஒற்றைக் கொயில் பிக்கப்பில் தலைமயிரை விட மெல்லிய கம்பி ஏறக்குறைய 8,000 சுற்று இருக்கிறது. எங்காவது சில சுற்றுகள் தளர்வாக இருந்தால், ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் அவற்றை அதிரவைக்கும். காந்தப்புலத்துக்குள் அதிரும் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும். அது அம்ப்ளிஃபயரில் பெருகி மறுபடி ஸ்பீக்கருக்கு வரும். காதைத் துளைக்கும் கீச்சொலி இப்படித்தான் உண்டாகிறது. மெழுகு அந்த இடைவெளிகளை நிரப்பிக் கம்பியை அசையாமல் பிடித்துக்கொள்கிறது.

எல்லாப் பிக்கப்புக்கும் இது வேண்டும் என்றில்லை. 1957 இல் கிப்சன் கிட்டார்களில் வந்த ஹம்பக்கர்களை மெழுகில் தோய்க்கவில்லை. அந்தத் திறந்த சத்தத்துக்காகவே அவற்றை இன்றும் தேடுகிறார்கள். ஃபெண்டர் தன் டெலிகாஸ்டர் பிக்கப்பை 1950களிலேயே மெழுகில் தோய்த்தது. வீட்டுக்குள் மெல்ல வாசிப்பவர் மெழுகே இல்லாமல் இருந்துவிடலாம். ஆனால் எங்கள் பக்கத்துப் பைலாக் கச்சேரி திறந்த வெளியில், ஆளுயர ஸ்பீக்கர்களுக்கு முன்னால் நடக்கிறது. அங்கே வாசிக்கப் போகிற பிக்கப்பை நன்றாகவே தோய்க்க வேண்டும் என்பது என் தீர்மானம்.

2. கம்பி வாங்கும்போது கவனம். அமெரிக்கக் கணக்கில் 42ஆம் இலக்கம் என்பது 0.063 மில்லிமீட்டர். மோட்டார் வைண்டிங் கடைகளில் புழங்குவது பெரும்பாலும் பழைய பிரித்தானியக் கணக்கு. அதில் 42 என்றால் 0.1 மில்லிமீட்டர். அதைக் கொண்டு 8,000 சுற்று பொபினில் அடங்காது. அந்தக் கணக்கில் 46 என்று கேளுங்கள், அல்லது மில்லிமீட்டரில் சொல்லுங்கள்.

3. கொயிலை உலர்த்தாமல் மெழுகில் போடாதீர்கள். களப்பிலும் உப்பளங்களிலும் இருந்து வரும் காற்றில் உப்பும் ஈரமும் இருக்கின்றன. சுற்றும்போது விரல் வியர்வையும் சேர்கிறது. எனாமலில் ஊசிமுனை அளவு கீறல் இருந்தாலும் போதும், ஈர உப்பு செம்பை அரித்துப் பச்சையாக்கிவிடும். அந்த ஈரத்தை உள்ளே விட்டு மேலே மெழுகை மூடினால், அரிப்பைப் பூட்டிவைத்ததாக ஆகும். சுற்றும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுற்றிய கொயிலைத் திறந்த ஜன்னலருகே இரவில் வைக்க வேண்டாம். மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். தோய்ப்பதற்கு முன் ஹேர் ட்ரையரால், கையில் தாங்கக்கூடிய சூட்டில், எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காயவிடுங்கள். இதனால் கொயில் சூடாகவே மெழுகுக்குள் இறங்கும். அதன் நன்மையை ஆறாவதில் சொல்கிறேன்.

4. மெழுகுக் கலவை: நிறையில் ஐந்தில் நான்கு பங்கு பரஃபின், ஒரு பங்கு தேன்மெழுகு. 400 கிராமுக்கு 100 கிராம். நிறமும் வாசனையும் சேர்த்த மெழுகுதிரிகளை உருக்க வேண்டாம்.

ஏன் இரண்டையும் கலக்கிறோம் என்பதை எங்கள் மாவட்டத்தின் தெற்கே மஹவெவ, மாரவில பக்கத்துப் பத்திக் தொழிலாளர்கள் நன்றாக அறிவார்கள். அவர்கள் சட்டியிலும் இதே இரண்டு மெழுகுகள்தான். பரஃபின் மட்டும் பூசினால் துணியை மடிக்கும்போது வெடிக்கும். வெடிப்புக்குள் சாயம் இறங்கி மெல்லிய கோடுகள் வரும். அவர்களுக்கு அந்தக் கோடு அழகு. கோடு வேண்டாத இடத்தில் தேன்மெழுகைக் கூட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் அது வளைந்து கொடுத்து ஒட்டி நிற்கும். நமக்கு ஒரு வெடிப்பும் ஆகாது. பத்திக் பட்டறை ஒன்றைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். மெழுகின் குணத்தை அந்தக் கைகளைப் பார்த்துக் கற்பது போல எதிலும் கற்க முடியாது.

தேன்மெழுகு 62 முதல் 65 பாகை செல்சியஸில் உருகும். மெழுகுதிரிப் பரஃபின் சில 50களிலேயே இளகிவிடும். வெயிலில் பூட்டி நிறுத்திய வானுக்குள் பகல் சூடு எவ்வளவு ஏறும் என்பது புத்தளத்தில் இருக்கும் உங்களுக்குத் தெரியும். அதனால் பரஃபினிலும் உயர்ந்த சூட்டில் உருகும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

5. மெழுகுப் பாத்திரத்தை ஒருபோதும் நேரே அடுப்பில் வைக்காதீர்கள். இதில் மட்டும் நான் கண்டிப்பானவன். பெரிய சட்டியில் தண்ணீர், அதற்குள் ஒரு பேணி, பேணிக்குள் மெழுகு. தண்ணீர் 100 பாகைக்கு மேல் போகாது. ஆகவே மெழுகும் போகாது. நேரடித் தீயில் மெழுகு 200 பாகையைத் தாண்டினால் அதன் ஆவி பற்றிக்கொள்ளும். புகை வரத் தொடங்கினாலே அடுப்பை அணைத்துவிடுங்கள். பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் கனமானது, எரியும் மெழுகுக்கு அடியில் போய் ஒரு நொடியில் நீராவியாகி நெருப்பைக் கூரைவரை வீசும். மூடியால் மூடிக் காற்றை நிறுத்துங்கள். மூடி கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். குசினியில் சின்னப் பிள்ளைகள் ஓடித் திரியும் நேரமும் இதற்கு ஏற்றதல்ல.

பழைய ரைஸ் குக்கர் இருந்தால் இன்னும் நல்லது. சோறு வெந்தபின் சூடு குறையாமல் வைத்திருக்கும் நிலையில், பல குக்கர்கள் நமக்கு வேண்டிய சூட்டுக்குக் கிட்டவே நிற்கும். ஆனால் குக்கருக்குக் குக்கர் வித்தியாசம் உண்டு, அளந்து பார்க்காமல் நம்பாதீர்கள்.

6. இனி எண்ணுக்கு வருவோம். மெழுகு 65 பாகையில் நிற்கட்டும்; 70ஐத் தாண்ட வேண்டாம். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது, அது 42 பாகையோடு நின்றுவிடும். சமையலுக்கு விற்கும் டிஜிட்டல் வகை போதும். அதன் முனை பேணியின் அடியைத் தொடாமல், பிக்கப் தொங்கும் மட்டத்தில் இருக்கட்டும். அடியில் ஒரு சூடு, நடுவில் ஒரு சூடு இருக்கும்; மரக்குச்சியால் மெல்லக் கலக்கிக்கொண்டிருங்கள்.

சூடு கூடினால் முதலில் போவது பொபின். பழைய ஹம்பக்கர்களின் பியூட்டிரேட் பிளாஸ்டிக் மிகச் சீக்கிரம் இளகும். இறுக்கமாகச் சுற்றிய கம்பி அதை உள்நோக்கி அமுக்கிக் கோணலாக்கும். கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் தன் பிக்கப்பைத் தானே மெழுகில் போட்டவர். சிலவற்றை உருக்கிக் கெடுத்த பிறகே கைகூடியது என்று அவரே சொல்லியிருக்கிறார். காந்தத்துக்குப் பயப்பட வேண்டாம், அல்னிகோ இந்தச் சூட்டைப் பொருட்படுத்தாது.

சூடு குறைந்தால் வரும் கேடு கண்ணுக்குத் தெரியாதது. குளிர்ந்த கொயில் மெழுகுக்குள் இறங்கியதும் மேல்சுற்றில் பட்ட மெழுகு அங்கேயே உறைந்து தோலாகிவிடும். உள்ளே காற்று அடைபட்டிருக்கும். வெளியே எடுத்துப் பார்த்தால் பளபளப்பாக, முழுமையாகத் தோய்ந்தது போலவே இருக்கும். மேடையில் கீச்சிடும்போதுதான் உண்மை தெரியும்.

7. ஆகவே வெப்பமானி சொல்வதை மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். அது பேணியில் உள்ள மெழுகின் சூட்டைத்தான் சொல்கிறது. கம்பிகளுக்கிடையே எனாமலும் காற்றும் இருப்பதால், கொயிலின் நடுவுக்குச் சூடு போய்ச்சேர நேரம் எடுக்கும். அந்த நடுவின் சூட்டை அளக்கக் கருவி ஒன்று ஏற்கனவே உங்களிடம் இருக்கிறது: அந்தக் கொயிலேதான்.

செம்பின் மின்தடை சூட்டோடு கூடும், பாகைக்கு 0.4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக. பிக்கப்பின் இரண்டு வயர்களையும் மெழுகுக்கு வெளியே விட்டு, மல்டிமீட்டரை மாட்டிவிடுங்கள். 30 பாகையில் 6.0 கிலோஓம் காட்டிய கொயில், முழுவதும் 65 பாகைக்கு வரும்போது ஏறக்குறைய 6.8 காட்டும். இறக்கியதும் எண் வேகமாக ஏறும், பிறகு மெதுவாகும், பிறகு நிற்கும். நின்ற இடம்தான் உள்ளும் புறமும் ஒரே சூடு. 7ஐத் தாண்டுகிறதா, சூடு 70ஐ எப்போதோ கடந்துவிட்டது, அடுப்பைக் குறையுங்கள். எத்தனை நிமிடம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. பதினைந்திலும் முடியும், முப்பதிலும் முடியும். எண் நின்று, குமிழி வருவதும் நின்ற பிறகு எடுங்கள்.

இதே கணக்கு வேறோர் இடத்திலும் உதவும். குளிர்நாட்டில் 20 பாகையில் 6.0 என்று அளந்த பிக்கப், நம்முடைய தகரக்கூரைக்குக் கீழே 30 பாகையில் 6.24 காட்டும். சுற்று கூடிவிட்டதென்று கம்பியை அவிழ்க்காதீர்கள்.

8. பிக்கப்பை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், அடியில் கிடத்தாதீர்கள். மல்டிமீட்டர் வயரைப் பிடித்துத் தூக்கவும் வேண்டாம்.

9. எண் நின்றதும் அவசரமாகத் தூக்கினால் உள்ளே போன மெழுகு வழிந்து திரும்பிவிடும். அடுப்பை அணைத்துவிட்டு, பேணியின் ஓரத்தில் மெழுகு மங்கலாகத் தொடங்கும்வரை பொறுங்கள். பிறகு எடுத்து, பழைய பருத்தித் துணியால் துடைத்து, நிழலில் ஆறவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. உறையும்போது மெழுகு நன்றாகச் சுருங்கும். வெளிப்பக்கம் முதலில் இறுகினால் உள்ளே வெற்றிடம் விழும்.

10. நடுவில் கரன்ட் போனால் பதற்றப்படாதீர்கள். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்த நாடு இது. மெழுகு உறைந்து பிக்கப் உள்ளே சிக்கிக்கொண்டால், இழுத்தால் கம்பி அறும். அப்படியே விட்டு, கரன்ட் வந்ததும் தண்ணீரைக் குளிரிலிருந்தே மெதுவாகச் சூடாக்குங்கள். கொயிலுக்கு இதனால் ஒரு கெடுதியும் இல்லை.

11. மறுநாள் அளவெடுங்கள். எண் பழைய 6.0க்குத் திரும்பியிருக்க வேண்டும். மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் உடனே கொயிலை அறுத்தெறிய வேண்டாம். வயரும் மெல்லிய கம்பியும் சேரும் ஈயப்பற்றை முதலில் பாருங்கள், பல தடவை அங்கேதான் விட்டிருக்கும். பிறகு அம்ப்ளிஃபயரில் இணைத்து, பிக்கப்புக்கு மேலே வாயை வைத்துப் பேசுங்கள். ஸ்பீக்கரில் உங்கள் குரல் கேட்டால் உள்ளே இன்னும் தளர்வு இருக்கிறது, மறுபடி சட்டிக்குப் போகட்டும். பென்சிலால் மெல்லத் தட்டும்போது மந்தமான சிறு சத்தம் மட்டும் வந்தால் கிட்டாரில் பொருத்தலாம்.