கூரைச் சட்டகத் தொழில்: ஓராண்டு கற்பித்த பாடங்கள்

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில், கட்டடக்காரர்களுக்கு இரும்புக் கூரைச் சட்டகங்கள் செய்து கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றை நாங்கள் சிலர் கூடி நடத்தி ஓராண்டு நிறைவுற்றது. வழக்கில் ‘டிரஸ்’ எனப்படுவது இதுவே. தறிக்கூடத்துக்கும் நெற்கிடங்குக்கும் இது வேண்டியிருப்பதால், இத்தொழிலில் இறங்க எண்ணும் சங்கங்களுக்குப் பயன்படுமென்று எங்கள் அனுபவத்தை எழுதலானோம்.

சட்டகத்தின் இயல்பு

வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தை அங்கத்தினர் அறிவர். கல் உத்திரம் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே அங்கே தூண்கள் நெருங்கி நிற்கின்றன. தறி போடும் கூடத்தின் நடுவிலோ தூண் ஆகாது. அக்குறையை நீக்குவது முக்கோணம். நான்கு கோல்களை மூலைக்கு ஓர் ஆணியாக இணைத்தால் தள்ளியவுடன் சாயும். மூன்று கோல்களை இணைத்தால் சாயாது. முக்கோணங்கள் பலவற்றைக் கோத்ததே டிரஸ். கூரையின் பாரத்தால் அதன் மேற்சட்டம் அமுக்கப்படுகிறது, கீழ்ச்சட்டம் இழுக்கப்படுகிறது. பாவு நூல் இழுத்தால் தாங்கும், அழுத்தினால் துவளும் என்பது நெசவாளர் அறிந்ததே. மெல்லிய இரும்பும் அவ்வாறே.

முதற்பாடம்: அளவு

வரைபடத்தில் இருந்த அகலத்தை நம்பி நாங்கள் செய்த சட்டகங்கள், ஒரு கட்டடத்தில் சுவர்மேல் அமரவில்லை. சுவர் மூன்று அங்குலம் விலகி எழும்பியிருந்தது. எழுத்துமூலமான ஒப்புதல் இல்லாமையால் நட்டம் எங்களைச் சேர்ந்தது. அன்றுமுதல், எழும்பிய சுவரை நாங்களே அளந்து, கட்டடக்காரரின் கையொப்பம் பெற்ற பின்னரே இரும்பை வெட்டுகிறோம்.

இரண்டாம் பாடம்: மாதிரி

முதற்சட்டகத்தைப் பார்த்து இரண்டாவதையும், இரண்டாவதைப் பார்த்து மூன்றாவதையும் செய்தால் பிழை வளர்ந்துகொண்டே போகும். ஒரே ஜக்கார்டு அட்டைத் தொகுதியிலிருந்தே எல்லாச் சேலைகளுக்கும் பூவேலை வருவதுபோல, தரையில் பதித்த ஒரே மாதிரியின்மேல் வைத்தே எல்லாவற்றையும் இணைத்தல் வேண்டும். ஒரு மூட்டை முழுவதும் பற்றவைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்லலாகாது. சூடு ஆறும்போது இரும்பு சுருங்கிச் சட்டகம் கோணும். எல்லா மூட்டுகளையும் முதலில் புள்ளி வைத்து நிறுத்தி, பிறகு இரு பக்கமும் மாறி மாறிப் பற்றவைப்பதே முறை.

மூன்றாம் பாடம்: வளைந்த சட்டம்

லாரியிலிருந்து இறக்கும்போது சற்றே வளைந்த ஆங்கிளை, ‘பாரம் ஏறினால் நிமிர்ந்துவிடும்’ என்று சேர்க்கத் தோன்றும். இழுக்கப்படும் சட்டம் நிமிரலாம். அமுக்கப்படும் சட்டமோ மேலும் வளையும். கனடா நாட்டில் கியூபெக் நகருக்கருகே கட்டப்பட்டுவந்த பாலத்தில், அமுக்கத்தைத் தாங்கிய கீழ்ச்சட்டங்கள் வளைந்திருப்பதை முன்னதாகவே கண்டனர். பாலத்தின் நீளத்தைக் கூட்டியபோது எடைக் கணக்கை உரிய காலத்தில் திருத்தவும் இல்லை. வேலையும் நிற்கவில்லை. 1907 ஆகஸ்ட் 29 அன்று பாலம் இடிந்து 75 தொழிலாளர் மாண்டனர். வளைவைக் கண்டவன் வேலையை நிறுத்தும் உரிமை உடையவனாக இருத்தல் வேண்டும். எங்கள் பட்டறையில் அவ்வுரிமை கடைசி உதவியாளுக்கும் உண்டு.

நான்காம் பாடம்: காற்று

கூரை கீழே விழும் என்றே எல்லோரும் அஞ்சுகின்றனர்; மேலே பறக்கும் என்று எண்ணுவார் சிலரே. தகரக் கூரையின் எடை குறைவு. பெருங்காற்று கூரையின் மேற்பரப்பை உறிஞ்சித் தூக்குகிறது; திறந்த வாயில்வழியே உட்புகுந்த காற்று கீழிருந்து தள்ளுகிறது. அவ்வேளையில் விசைகள் தலைகீழாகி, இழுக்கப்பட்டுவந்த கீழ்ச்சட்டம் அமுக்கப்படும். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையருகே கரை கடந்த வர்தா புயலை நம் பகுதியார் மறந்திரார். ஆகவே பொறியாளரைக் கொண்டு காற்றுக்கும் கணக்கிட வேண்டும். சட்டகத்தைச் சுவரின் கான்கிரீட்டோடு ஆங்கர் போல்ட்டால் பிணைக்க வேண்டும். சட்டகத்துக்குச் சட்டகம் குறுக்குக் கட்டும் தர வேண்டும். செலவைக் குறைக்கக் குறுக்குக் கட்டை விடச் சொல்பவரின் வேலையை நாங்கள் ஏற்பதில்லை.

ஐந்தாம் பாடம்: கடன்

இரும்புக் கடைக்கு ரொக்கம் கொடுக்கிறோம். கட்டடக்காரரிடமோ பல மாதம் காத்திருக்கிறோம். இவ்விடைவெளி பங்குத் தொகையை விழுங்கிவிடும். இரும்பின் விலையை முன்பணமாகவும், கூலியைப் பொருள் பட்டறையை விட்டுச் செல்லுமுன்னும் பெறுவதே தக்கது. ஆர்டர் மிகுதியாக வருவதும் இலாபம் வருவதும் ஒன்றல்ல.

இவ்வோராண்டில் ஈட்டிய பணம் சொற்பமே. ஆயினும், மறுத்துவிட்ட சில வேலைகளே பட்டறையைக் காத்தன என்பதைக் கணக்கு காட்டுகிறது. சட்டகத்தின் கீழே ஒரு குடும்பம் தறியில் அமர்ந்திருக்கும். அதை மனத்தில் வைத்துச் செய்யும் சங்கமே இத்தொழிலில் நிலைக்கும்.