ரிமோட் படகு கவிழாமல் ஓட



கடந்த பள்ளி விடுமுறையில் நடந்தது இது. பீடோங் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு பழைய மணல் குட்டை. பதினைந்து வயசுத் தம்பி ஒருவன், தீபாவளிக் காசைச் சேர்த்து வாங்கிய மின்சாரப் பந்தயப் படகைத் தண்ணீரில் இறக்கினான். முழு வேகம் கொடுத்த மூன்றாவது வினாடியில் மூக்கு மேலே தூக்கியது. படகு அப்படியே மல்லாந்து விழுந்தது. கரையிலிருந்து ஐம்பது அடி இருக்கும்.

"அண்ணே, நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்று சட்டையைக் கழற்றிவிட்டான். கையைப் பிடித்து நிறுத்தினோம். மணல் எடுத்த குட்டையில் கரையோரம் முழங்கால் ஆழம்தான் தெரியும். இரண்டு எட்டு வைத்தால் ஆள் மூழ்கும் பள்ளம். காற்று தள்ளித் தள்ளிப் படகு மறுகரை ஒதுங்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை அவன் முகத்தைப் பார்த்திருக்கணும்!

அன்று சாயங்காலம் படகை மேசைமேல் வைத்து சோதித்தோம். மோட்டாரில் குறையில்லை, ரிமோட்டிலும் குறையில்லை. பேட்டரி உட்கார்ந்திருந்த இடம்தான் தப்பு.

நம் பாட்டிமார் காண்டாவில் பால் வாளி தூக்கிய கதையைக் கேட்டிருப்பீர்கள். ஒரு வாளி கனத்தால் தோளைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திக்கொள்வார்கள். கம்பு நேராகிவிடும். படகுக்கும் இதே கணக்குதான். பேட்டரி உட்பட எல்லாப் பொருளையும் உள்ளே வைத்து மூடியையும் போடுங்கள். பின்பலகையிலிருந்து மூக்கு வரை நீளத்தை அளந்து, பின்னாலிருந்து அதில் 30 விழுக்காட்டில் ஒரு கோடு போடுங்கள். 60 சென்டிமீட்டர் படகு என்றால் 18 சென்டிமீட்டர். அந்தக் கோட்டில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலை அடியில் கொடுத்துத் தூக்கினால் படகு மட்டமாக நிற்கணும். 'வி' வடிவ அடியுள்ள படகுகளுக்கு 28 முதல் 32 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்ல தொடக்கம்.

தம்பியின் படகு பதினைந்தரை சென்டிமீட்டரில்தான் சமநிலைக்கு வந்தது. இரண்டரை சென்டிமீட்டர் முன்னால் கொண்டுவரணும். பேட்டரியை எவ்வளவு நகர்த்துவது? மொத்த எடை 1,500 கிராம், பேட்டரி 500 கிராம், அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஆகவே மூன்று மடங்கு, ஏழரை சென்டிமீட்டர் முன்னால் தள்ளினோம். பள்ளியில் படிக்கிற நெம்புகோல் கணக்கு இதற்குத்தான் உதவுது, நம்புங்க!

இவ்வளவு கவனம் எதற்கு? வேகமாக ஓடும் படகின் பின்பகுதி மட்டும்தான் தண்ணீரைத் தொடும். முன்பகுதி காற்றில் மிதக்கும். மூக்குக்கு அடியில் காற்று அதிகம் புகுந்தால் அது இறக்கையைப் போல் தூக்கிவிடும். டோனல்ட் கேம்பல் என்ற ஆங்கிலேயர் தண்ணீரில் உலக வேகச் சாதனை பல படைத்தவர். 1967 ஜனவரி 4-ஆம் தேதி இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் அவருடைய 'புளூபேர்ட்' படகு மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்தபோது, மூக்கு தூக்கிக் கரணமடித்தது. அவர் உயிர் அங்கேயே போனது. நம்முடையது பொம்மை அளவு. ஆனால் காற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அடுத்தது பக்கவாட்டுச் சாய்வு. 2,000 கேவி மோட்டாருக்கு 14.8 வோல்ட் கொடுத்தால், சுமை இல்லாத நிலையில் நிமிடத்துக்கு 29,600 சுற்று. புரொப்பெல்லர் ஒரு பக்கம் சுழல, படகு மறுபக்கம் சாயப் பார்க்கும். எந்தப் பக்கம் அமுங்குது என்று ஓடவிட்டுப் பாருங்க. பேட்டரியை எதிர்ப்பக்கம் ஒரு விரல் அகலம் நகர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். போதவில்லை என்றால், அமுங்கும் பக்கத்து ட்ரிம் டேப்பை, அதுதான் பின்பலகையில் இருக்கிற சின்னத் தகடு, மயிரிழை கீழே வளையுங்கள். தண்ணீர் அந்தப் பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும். பேட்டரி எப்போதும் அடிமட்டத்தில் இருக்கட்டும். உயரமான தேர் ஏன் அப்படி ஆடுது என்று யோசித்தால் காரணம் புரியும்.

பிறகு ஸ்டிரட், அதாவது புரொப்பெல்லர் தண்டைத் தாங்கும் கால். முதலில் அதைப் படகின் அடிக்கு இணையாக வையுங்கள். படகு தவளை மாதிரி மூக்கைத் தூக்கித் தூக்கிக் குதித்தால், எடை சரியாக இருக்கிறதா என்று மறுபடியும் பார்த்த பிறகு, புரொப்பெல்லர் முனையைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்க்கலாம். பின்பகுதி எழும், மூக்கு தணியும். மூக்கு தண்ணீரை உழுதுகொண்டு போனால் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். சுக்கான் இணைப்புக் கம்பியில் ஆட்டம் இருக்கவே கூடாது. இருந்தால் நேர்கோட்டிலேயே படகு பாம்பு மாதிரி நெளியும்.

பந்தயம் பொதுவாக வலப்பக்கச் சுற்றுதான். அதனால் டர்ன் ஃபின் என்கிற திருப்பத் தகடு வலது பின்பக்கம் இருக்கும். முழு வேகத்தில் இடப்பக்கம் வெட்டினால் கவிழ்வதற்கு நாமே அழைப்பிதழ் கொடுத்த மாதிரி.

ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம். நோட்டில் எழுதிவிட்டு அடுத்தது. நம்ம பசங்க ஒரே நேரத்தில் பேட்டரி, டேப், ஸ்டிரட் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, 'இப்ப நல்லா ஓடுது, ஏன்னு தெரியல' என்பார்கள். அது பாடம் ஆகாது. காற்று எழும்புமுன் காலையிலேயே போங்கள். முதல் இரண்டு சுற்று பாதி வேகம் போதும்.

மூக்குப் பகுதிக்குள் நீச்சல் நுரைக் குழாயை வெட்டி அடைத்துவிட்டால், தண்ணீர் புகுந்தாலும் படகு மிதக்கும். மூடியின் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். லிப்போ பேட்டரி வீங்கியிருந்தால் தொடவே வேண்டாம், பெரியவர்களிடம் சொல்லுங்கள். சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

என்ன செய்தாலும் ஒரு நாள் கவிழத்தான் செய்யும். அதற்காக மீன்பிடி நரம்பு ஐம்பது மீட்டரும் ஒரு டென்னிஸ் பந்தும் பையில் இருக்கட்டும். பந்தைத் துளைத்து நரம்பைக் கட்டி, கரையில் நின்றபடியே படகுக்கு அப்பால் எறிந்து மெதுவாக இழுத்தால், நரம்பு படகில் சிக்கிக் கூடவே வரும். எறியத் தெரியாதவர்கள் முதலில் திடலில் பழகுங்கள். அதுவும் எட்டாத தூரம் என்றால் கரையில் உட்கார்ந்து காற்றுக்குக் காத்திருங்கள். அந்தத் தம்பி காத்திருந்தான், படகு கிடைத்தது, அடுத்த ஞாயிறு மறுபடியும் ஓட்டினான்.