மலக்குடல் புற்றுநோய்: ஆபரேஷனுக்கு எங்கே போவது?



வெளிக்குப் போகும்போது ரத்தம் பட்டால், "சூடுங்க, மூலமா இருக்கும்" என்று நம் பக்கத்தில் சொல்லிவிடுகிறோம். மோரும் வெந்தயமுமாக மாதங்கள் ஓடிவிடும். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் ரத்தத்தோடு சளி வந்தாலோ, போய்வந்த பிறகும் பாக்கி இருப்பதுபோல் தோன்றினாலோ, எடை குறைந்தாலோ, டாக்டர் விரல்விட்டுச் சோதித்தே ஆகவேண்டும். கட்டிய மனைவியிடம்கூட இதை மறைத்த ஆண்களை நான் பார்த்திருக்கிறேன். பெண்களும் அப்படித்தான்.

சோதனையில் மலக்குடல் புற்றுநோய் என்று தெரிந்தால், அநேகமாக ஆபரேஷன் தேவைப்படும். அதை எங்கே செய்துகொள்வது என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

மலக்குடல், வாய் குறுகிய கிணற்றின் அடியில் இருப்பதுபோல இடுப்பெலும்புக்குள் இருக்கிறது. ஆண்களுக்கு இன்னும் குறுகல். கட்டியை மட்டும் வெட்டினால் போதாது. சுற்றியுள்ள கொழுப்பு உறையையும் கிழியாமல் சேர்த்து எடுக்கவேண்டும். இங்கிலாந்து டாக்டர் பில் ஹீல்ட் 1982-ல் இதை விளக்கி எழுதினார். உறை கிழிந்தால் நோய் அதே இடத்தில் திரும்பிவர வாய்ப்பு அதிகம். அந்த உறையை ஒட்டியே சிறுநீருக்கும் தாம்பத்திய உறவுக்குமான நரம்புகள் ஓடுகின்றன. அவை அறுபட்டால் வீட்டில் இரண்டு பேருக்குமே கஷ்டம். ஆனாலும் ஆபரேஷனுக்கு முன் இதைப் பற்றி வாய் திறந்து கேட்பவர் குறைவு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

இது கைப்பழக்கத்தில் வரும் வேலை. நார்வே நாட்டில் 1993 முதல் 1999 வரை இந்த ஆபரேஷன்களைக் கணக்கெடுத்தார்கள். வருஷத்துக்கு 30-ம் அதற்கு மேலும் செய்த ஆஸ்பத்திரிகளில், ஐந்து வருஷத்துக்குள் நோய் அதே இடத்தில் திரும்பியது நூற்றுக்கு 9 பேருக்கு. பத்துக்கும் குறைவாகச் செய்த இடங்களில் 17, 18 பேருக்கு. ஆயுளுக்கும் வயிற்றில் பை வைத்துக்கொள்ளும் நிலையும், அதிகம் செய்யும் இடங்களில் குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன. இங்கிலாந்தில் 2020-ல் வந்த வழிகாட்டுதல், ஓர் ஆஸ்பத்திரி வருஷத்துக்குக் குறைந்தது 10, ஒரு டாக்டர் குறைந்தது 5 செய்யவேண்டும் என்கிறது.

ஆகவே கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். "ஏனுங்க டாக்டர், இந்த ஆபரேஷன் இங்க வருசத்துக்கு எத்தனை நடக்குதுங்க? நீங்க எத்தனை பண்றீங்க?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, முதலில் கதிர்வீச்சு கொடுக்கலாமா என்று பல டாக்டர்கள் கூடிப் பேசுவார்களா என்றும் கேளுங்கள்.

அவிநாசியிலிருந்து கோவை 40 கிலோமீட்டர்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளும் அங்கே உண்டு. சென்னை அடையாற்றில் 1954-லேயே தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. எங்கே போனாலும் இதே கேள்விதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அது அங்கே செல்லுமா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். சில நாள் விசாரிப்பதால் கட்டி ஓடிப்போய்ப் பரவிவிடாது. மாதக்கணக்கில் தள்ளுவதுதான் தப்பு.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் மலமும் பிரியாமல் நின்றுவிட்டால் அது குடல் அடைப்பு. அப்போது தூரம் பார்க்காமல், பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அடைப்பை நீக்கிய பிறகு, கட்டிக்கான ஆபரேஷனைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

டாக்டரைப் பார்க்க இருவருமாகப் போங்கள். பழைய சீட்டு, ஸ்கேன் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ஒருவர் காதில் விழாதது மற்றவர் காதில் விழும்.