மிரளும் குதிரை

கேள்வி: ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய என் குதிரை, கை நீட்டினாலே மிரள்கிறது. ஏறி ஓட்டினால் பயம் தெளிந்துவிடும் என்கிறார்களே?
– முத்தியால்பேட்டை வாசகர், புதுச்சேரி

பதில்: இப்போது ஏறவே ஏறாதீர்கள். அந்தியூர்க் குருநாதசாமி கோயில் திருவிழாக் கூட்டம், லாரிப் பயணம், புது ஊர் என்று பாவம், அது நிறையத் தாங்கியிருக்கிறது. முதலில் கால்நடை மருத்துவரிடம் பல்லையும் முதுகையும் காட்டுங்கள். வலியும் மிரட்சியாகத்தான் வெளிப்படும்.

பிறகு தரையில் நின்று பழகுங்கள். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் தெரியாது. ஆகவே தோள்பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். அது விலகினால் துரத்தாமல் நில்லுங்கள். உங்கள் பக்கம் திரும்பினால் நீங்கள் ஓரடி பின்வாங்குங்கள். பிடரிமயிர் முடியும் மேட்டில் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று அங்கேதான் சொறிந்துகொள்ளும், இதயத்துடிப்பும் தணியும்.

அடுத்து கயிறு. கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், விரல் போய்விடும். மெல்ல இழுங்கள். ஓரடி வைத்த அந்த நொடியே தளர்த்துங்கள். இழுப்பது கேள்வி, தளர்த்துவதுதான் பதில். தளர்த்தத் தாமதித்தால் குதிரைக்கு எதுவும் புரியாது.

கோபத்தோடு குதிரையை அணுகக் கூடாது என்று கிரேக்கரான செனபோன் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். தினமும் கால் மணி நேரம் போதும். தலை தாழ்ந்து, காதுகள் தளரும்வரை கடற்கரைச் சாலைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.