அப்பாவை எப்படி எழுதுவது?

கேள்வி: அப்பாவின் முதல் திதிக்கு, அவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டு உறவினர்களுக்குக் கொடுக்க ஆசை. எழுத உட்கார்ந்தால் 'அன்பானவர், நேர்மையானவர்' என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. என்ன செய்ய? – ஒரு வாசகர், திருநெல்வேலி

அந்த இரண்டு சொல்லையும் முதலில் அடித்துவிடுங்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ஊரில் இறந்த அத்தனை பேரும் அன்பானவர்கள்தான்! கடைக்காரர் தவறுதலாகக் கூடக் கொடுத்த பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று உங்களை வெயிலில் துரத்தியிருப்பாரே, அதை எழுதுங்கள்.

1940-இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கிய உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலகத்தில் கிடைக்கும். அதில் அவருடைய தந்தை வேங்கடசுப்பையர் வரும் பக்கங்களைப் படித்துப் பாருங்கள். கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் கற்று, ஊர் ஊராக இராமாயணக் கதை சொல்லிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். மகனும் சங்கீதத்தில் தேற வேண்டும் என்பது அவர் ஆசை. பையனுக்கோ தமிழ்ப் பைத்தியம். கடைசியில் அவரே மகனை மாயூரத்துக்கு அழைத்துப் போய் தமிழ்ப் புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்த்தார். அதற்குமேல் அவருக்கு அடைமொழி எதற்கு?

உங்கள் அப்பாவின் பழைய டைரி, வரவு செலவு நோட்டு இருந்தால் எடுங்கள். அவரோடு வேலை பார்த்தவர்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள். வீட்டுக்குத் தெரியாத அப்பா அவர்களிடம் இருப்பார். அவருடைய முன்கோபத்தை மறைக்காதீர்கள். சித்தப்பாக்கள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். "அது அப்படி இல்லப்பா" என்று அவர் குறுக்கிட்டால், சொல்வதை அப்படியே செல்போனில் பதிவு செய்து, அதையும் சேர்த்துவிடுங்கள்.