ஏக்கர் கணக்கில் காடு பிழைக்காது

யானை வழித்தடத்துக்காகத் தனியார் நிலத்தை விலைக்கு வாங்கும்போதெல்லாம் அதே புலம்பல்: "இத்தனை பணத்துக்கு இவ்வளவு நிலம்தானா? வறண்ட பக்கம் போயிருந்தால் பல மடங்கு ஏக்கர் கிடைத்திருக்குமே!" மனை வாங்குபவர் இப்படிக் கணக்குப் பார்க்கலாம். காட்டுயிருக்காக வாங்குபவர் பார்க்கவே கூடாது. வயநாட்டின் திருநெல்லி–குத்ரக்கோடு வழித்தடத்தில் 'வைல்டுலைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியா' வாங்கியது 25 ஏக்கர் சொச்சம்தான். ஆனால் அது இரண்டு காப்புக்காடுகளுக்கு நடுவே யானைகள் கடக்கும் குறுகலான இடம். அங்கிருந்த குடும்பங்கள் சம்மதித்து, வேறு இடத்தில் வீடும் நிலமும் பெற்று நகர்ந்தன. அந்த இடம் அடைபட்டால், இருபுறமும் எவ்வளவு காடு இருந்தும் தண்ணீரையும் தீவனத்தையும் தேடிப் போகும் கூட்டம் வயலுக்குள்தான் இறங்கும்.

"பரப்பு கூடினால் உயிரினம் கூடும் என்று அறிவியலே சொல்கிறதே" என்பார்கள். அரைகுறையாகப் படித்ததன் விளைவு இது. சூழலியலாளர்கள் மெக்கார்தரும் வில்சனும் 1967இல் தீவுகளைப் பற்றி எழுதிய நூலின்படி, பரப்பைப் போலவே தனிமைப்படுதலும் இனங்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. சரி, விலையைப் பார்க்கவே வேண்டாமா? கட்டாயம் பார்க்க வேண்டும். பொருளியலாளர் எமி ஆண்டோவும் சகாக்களும் 1998இல் 'சயின்ஸ்' இதழில் அமெரிக்க நிலவிலைகளை வைத்து அதைக் காட்டினார்கள்: அதே எண்ணிக்கை இனங்களைக் காக்க, விலையையும் சேர்த்துத் திட்டமிட்டால் செலவு வெகுவாகக் குறைகிறது. அவர்கள் கணக்கிட்டது இனங்களைக் காக்க ஆகும் செலவை. ஏக்கருக்கு என்ன விலை என்பதை அல்ல. நிலம் மலிவாகக் கிடைப்பதற்குப் பல நேரம் காரணம், அதை அழிக்க யாரும் வரிசையில் நிற்கவில்லை என்பதே. ஆபத்தே இல்லாத நிலத்தை வாங்கிவிட்டுக் காப்பாற்றினேன் என்று சொல்லலாமா?

வறண்ட நிலத்துக்கே மதிப்பில்லை என்று இதைத் திரிக்க வேண்டாம். மரம் அடர்ந்தால்தான் இயற்கை என்பது இன்னொரு மூடநம்பிக்கை. கானமயிலுக்கும் வெளிமானுக்கும் திறந்த புல்வெளிதான் வீடு. சதுப்புநிலத்துக்கும் இதே கதைதான்: தரிசு என்று ஒதுக்கிக் குப்பை கொட்டிய சென்னையின் பள்ளிக்கரணை 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. பத்திரம் பதிந்தால் வேலை முடிந்தது என்பதும் பொய். கவனிக்காமல் விட்டால் உண்ணிச்செடி வந்து மூடிவிடும்.

ஒன்றிய அரசின் 2023ஆம் ஆண்டு அறிக்கை 150 யானை வழித்தடங்களைப் பட்டியலிடுகிறது. அவற்றின் சர்வே எண்களைச் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே ஒட்டுங்கள். விற்க வருபவரிடமிருந்து வாங்கும் முதல் உரிமையை வனத்துறைக்குக் கொடுங்கள். விலை ஏறிவிடும் என்று பயப்படுபவர்கள் நீலகிரியின் சீகூரைப் பார்க்கட்டும். அங்கே விடுதிகள் முளைத்த பிறகு, அதை யானை வழித்தடமாக அறிவித்த 2010 அரசாணையை நிலைநிறுத்த 2020 வரை உச்ச நீதிமன்றத்தில் போராட வேண்டியிருந்தது. அந்தப் பத்தாண்டுச் செலவைவிடவா பதிவுக்கு முன் கொடுக்கும் கூடுதல் விலை அதிகம்?