மூக்கில் குடியிருக்கும் கிருமி



வேம்பாரில் வீடு வீடாகப் போகும்போது, "எங்க வீட்டுல யாருக்கும் சீக்கு இல்லையே, புள்ளைக்கு எதுக்கு ஊசி?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் நியூமோகாக்கஸ், ஹிப் ஆகிய கிருமிகள் சாக்கடையில் வளர்வதில்லை. நல்ல ஆரோக்கியமாக ஓடியாடும் பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும் குடியிருக்கின்றன. காய்ச்சல் இராது, ஒரு அடையாளமும் தெரியாது. பள்ளிக்கூடம் போய்வரும் அண்ணன், தொட்டிலில் கிடக்கும் தங்கச்சியை முத்தமிடுவான், பக்கத்தில் இருந்து இருமுவான். கிருமி இடம் மாறிவிடும். 1990-களின் இறுதியில் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் ஆராய்ந்தபோது, 2 மாதக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் மூக்கில் நியூமோகாக்கஸ் இருந்தது. அநேகருக்கு ஒன்றும் செய்யாது. ஒருசில குழந்தைகளுக்கு மட்டும் இரத்தத்தில் இறங்கி, மூளையைச் சுற்றியுள்ள சவ்வைத் தாக்கும். பிழைத்தாலும் காது கேளாமல் போகலாம், வலிப்பு வரலாம்.

ஹிப் கிருமிக்கான மருந்து அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி, இந்தியாவிலேயே முதலில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் வந்தது. நியூமோகாக்கல் ஊசி நம் மாநிலத்தில் 2021-ல் சேர்ந்தது. இந்த ஊசிகள் போட்ட குழந்தையின் மூக்கில் அந்தக் கிருமி தங்குவது குறைகிறது. ஆகவே, ஊசி போடும் வயது வராத பக்கத்து வீட்டுப் பச்சைக் குழந்தைக்கும் அது காவல். ஆப்பிரிக்காவில் புர்கினா பாசோ நாட்டில் 2010 டிசம்பரில் 1 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கு மூளைக்காய்ச்சலுக்கான வேறொரு ஊசி போட்டார்கள். பிறகு சோதித்தால், போடாதவர்கள் தொண்டையில்கூட அந்தக் கிருமியைக் காணோம்!

ஐந்து நோய் ஊசி ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில். நியூமோகாக்கல் ஊசி ஒன்றரை, மூன்றரை, ஒன்பதாவது மாதங்களில். "முதல் ஊசிக்கே கால் வீங்கிப்போச்சு" என்று அடுத்ததற்கு வராமல் இருந்துவிடுகிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. வீக்கம் இரண்டொரு நாளில் வடிந்துவிடும். பாதியில் விட்ட ஊசி பாதிக் காவல்தான்.

ஊசி எல்லா வகைக் கிருமியையும் தடுக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலோடு குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், உச்சிக்குழி புடைத்தால், வீறிட்டு அழுதால், இழுப்பு வந்தால் மந்திரித்துப் பார்க்க நேரம் போக்காதீர்கள். 108-க்குப் போன் செய்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

புதன்கிழமை தோறும் ஊசி இலவசம். மீன் ஏலம் முடிந்த கையோடு வந்தாலும் சரி, தடுப்பூசி அட்டையை மறக்காமல் கொண்டுவாருங்கள். அட்டை தொலைந்திருந்தாலும் குழந்தையோடு வாருங்கள். கிராம சுகாதார செவிலியர் பதிவேட்டைப் பார்த்துப் போடுவார்.